குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள்

எங்கள் கெல்சென்கிர்ச்சன் வீட்டுக் குசினிச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள். ஒன்று ஜெர்மன் நேரம், மற்றது ஊர் நேரம். வன்னியில் இருந்த தன் தங்கச்சி சாந்தினிக்கு நேரம் பார்த்துத் தொலைபேசி எடுப்பதற்காக என் மனைவி யோகம் மாட்டியது.

கோடைக்கு ஒருதரம், குளிருக்கு ஒருதரம் நேரத்தை மாற்றாவிட்டால் இந்த நாட்டுக்காரருக்குச் செமிக்காது. நானும் நித்திரைக் கண்ணோடு இரண்டையும் திருப்பிவிடுவேன். "ஊரிலை ஆரப்பா நேரம் மாத்தினது? உங்களுக்கு மண்டை இருக்கோ?" என்று யோகம் ஒவ்வொரு முறையும் பொரிந்து தள்ளுவாள்.

2009 பெப்ரவரியில் சாந்தினி குடும்பம் இருந்த பங்கரில் ஷெல் விழுந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. செய்தி வந்த நாளிலிருந்து யோகம் வாய் திறக்கவில்லை.

மார்ச் கடைசி ஞாயிறு நான் வேண்டுமென்றே இரண்டையும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினேன். ஏசட்டும். ஒரு சொல்லாவது வரட்டும்.

தேத்தண்ணியோடு வந்தவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயோ, மறந்துபோய் அதையும் திருப்பிப்போட்டன்," என்றேன் அவசரமாக.

"விடுங்கோ," என்றாள். "இனி எங்களுக்கு ஒரு நேரம் போதும்."