கரிநாளில் ஆரம்பிக்காத மாத்திரை

சுமலதா பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்கேன் தாள்கள், தண்ணீர் பாட்டில், மாற்று நைட்டி. நாளைக் காலை சென்னை கிளினிக்கில் அவளுக்குள் கருவை வைக்கப் போகிறார்கள். உறைய வைத்திருந்த மூன்றில் இரண்டு தங்கவில்லை. மிச்சம் இது ஒன்றுதான்.

நாத்தனார் பூமிகா கதவோரம் நின்றாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண்.

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"அண்ணி, அந்த மாத்திரை..."

"போட்டுக்கினுதான கீறேன். வயிறு ஊதிப்போயி கம்பெனில நிக்க முடியல. அதுக்கு இன்னா இப்போ?"

"அன்னிக்கு மெடிக்கல்ல ஸ்டாக் இல்லன்னு சொன்னேன்ல. பொய்யி."

சுமலதாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

பூமிகா தரையைப் பார்த்தபடி கொட்டினாள். மாத்திரை அன்றே கிடைத்துவிட்டது. அம்மா பூவம்மாள்தான் காலண்டரைப் பார்த்தாள். கரிநாளில் ஆரம்பித்தால் எதுவும் தங்காதாம். ஒருநாள் தள்ளிப் போடட்டும், ஸ்டாக் இல்லை என்று சொல் என்றாளாம்.

"கிளினிக்குக்கு போன் பண்ணிட்டேன்னியே?"

"பண்ணல. அம்மா வேணான்னுச்சு."

"கருப்பை என்னிக்கு ஏத்துக்கும்னு அந்த மாத்திரை ஆரம்பிச்ச நாள்லருந்துதான்டி எண்ணுறாங்க. எத்தினி வாட்டி சொன்னாங்க, நீயும் பக்கத்துலதான குந்திக்கினு இருந்த?"

"பயமா இருக்குது அண்ணி."

"உனக்கு பயம். உங்கம்மாவுக்கு கரிநாளு. நாலு வருசமா ஊசி குத்திக்கினு கீறது மட்டும் நானு."

அவள் கிளினிக்குக்கு போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். நர்ஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"நேத்து ரத்தத்துல ஹார்மோன் அளவு சரியா இருக்குன்னீங்களே சிஸ்டர்?" என்றாள் சுமலதா.

"அளவு சரிதாம்மா. எத்தன நாளா இருக்குன்னு ரத்தம் சொல்லாதே. இருங்க, டாக்டர கேக்கறேன்."

சமையற்கட்டில் பூவம்மாளின் பாத்திரச் சத்தம் நின்று போயிருந்தது.

"நாளைக்கு வராதீங்க," நர்ஸ் திரும்ப வந்தாள். "ஒருநாள் தள்ளி வைக்கலாம்னு சொல்றாங்க. காலைல கருவ வெளிய எடுத்து உருக வச்சிருந்தோம்னா ரொம்பக் கஷ்டமாயிருக்கும். இப்பவாச்சும் சொன்னீங்களே."

சுமலதா போனை வைத்தாள்.

"நாளன்னைக்கு ஸ்கூலுக்கு லீவு போடு. உங்கம்மா வேணாம். நீ வா."

"நானா அண்ணி?"

"டாக்டர் திட்டுவாங்கல்ல? முன்னாடி நின்னு நீயே வாங்கிக்க."