அணிவகுப்புக்கு முந்தின ஞாயிறு

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அதையும் மூடிப் பார்த்தவள் சாந்தினி. தம்பி தீபனை, மலேசியாவின் பாலோ ஊரில், கடைத்தெரு மழையில், மோட்டார் சைக்கிள் உரசிய ஒரு அற்பத் தகராறில் எவனோ இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டுப் போனான். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பத்து நாள் கழித்து, யாரோ கொடுத்த துப்பில், பக்கத்து ஊரான பெக்கோக்கைச் சேர்ந்த வசந்தன் என்பவன் பிடிபட்டான். பிடிபட்ட ஒரு மணி நேரத்தில் அவன் படம் சாந்தினியின் போனுக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

அன்றைக்கே இன்ஸ்பெக்டர் பிரேமலா வீட்டுக்கு வந்தார். கெட்டிக்கார அம்மாள், சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் இல்லை.

"இங்க பாருங்க சாந்தினி. 'இவன்தான் கொன்னான்'னு யாரும் ஃபேஸ்புக்ல எழுதக் கூடாது. தீர்ப்பு சொல்றது கோர்ட்டு வேல. அத நீங்க சொன்னா, கேஸ் உங்க மேலயே திரும்பும். அதவிட முக்கியம், அவன் படம் எங்கயும் வரக் கூடாது. ஃபேஸ்புக், டிக்டாக், வாட்ஸ்அப், எதுலயும். செவ்வாக்கெழம அணிவகுப்பு வச்சு, சாட்சிய விட்டு ஆள அடையாளம் காட்டச் சொல்லப் போறோம். நமக்கு இருக்கறது ஒரே ஒரு சாட்சி. புரியுதா?"

"புரியுது மேடம்."

புரியத்தான் செய்தது. கடைக் கேமராவில் மழையைத் தவிர ஒன்றும் பதிவாகவில்லை. கம்பியில் ஒட்டியிருந்ததையெல்லாம் சாக்கடைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விட்டது. டயர்க் கடை மனோகரன் ஒருவர்தான் தன் கடை வெளிச்சத்தில் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தவர். அவர் வாய்தான் கேஸ். அவர் இல்லையென்றால் வசந்தன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

அந்த இரண்டு நாளும் சாந்தினி என்ன பாடுபட்டாள் என்று நினைக்கிறீர்கள்? யார் யாரோ போட்ட பதிவுகளுக்கெல்லாம் போன் செய்து, கெஞ்சி, திட்டி, அழித்துவிடச் சொன்னாள். "ஐயோ அண்ணே, உங்களுக்குப் புண்ணியமா போகும், எடுத்துடுங்க லா" என்று முகம் தெரியாத ஆளிடமெல்லாம் கையேந்தினாள். தம்பியைக் கொன்றவனின் முகத்தை மறைக்க அக்காக்காரியே அலைந்தாள். மனோகரனிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதில் படம் எதுவும் வராது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி.

சனிக்கிழமை அம்மா வெள்ளையம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போலீசுகிட்ட சொல்லியாச்சு. கோர்ட்டுல சொல்லப் போறாங்க. நம்ம முனியாண்டிகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த சொன்னீங்களாடி? அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்பாங்க. தெய்வத்துக்கு ஆளத் தெரிய வேணாமா?"

தீட்டுக் கழிந்துவிட்டது. அந்தப் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கெடுதல் செய்தவனின் பேரையோ படத்தையோ முனியாண்டியின் காலடியில் வைத்து, மிளகாயை அரைத்து அப்பி, எலுமிச்சம்பழம் வெட்டி, "இவனை நீ பார்த்துக்கொள்" என்று ஒப்படைத்துவிட வேண்டும். தோட்டத்துச் சனங்கள் மூன்று தலைமுறையாக அப்படித்தான் வழக்காடியிருக்கிறார்கள்.

சாந்தினி யோசித்தாளா? யோசித்தாள். இன்ஸ்பெக்டர் சொன்ன பட்டியலை விரல் விட்டு எண்ணினாள். ஃபேஸ்புக், டிக்டாக், வாட்ஸ்அப். கோயில் அதில் இல்லை. சாமி சன்னதி அவளுக்கு ஊர் வாய் அல்ல. அது வீட்டுக்குள் அழுகிற மாதிரி. போனில் வந்த படத்தைக் குளுவாங் டவுனில் ஒரு கடையில் பெரிதாக அச்செடுத்தாள்.

ஞாயிறு காலை செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்த கோயிலில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். தீபன்மேல் ஊருக்குப் பிரியம். மனோகரனும் வந்தார். வராமல் இருப்பாரா? தீபனின் மோட்டாருக்குக் கடைசியாக டயர் மாற்றியதே அவர்தான். சன்னதியில் நடப்பது கோர்ட்டு வரைக்கும் போகும் என்று சாந்தினிக்குத் தோன்றவே இல்லை. பூசாரி சுருட்டைப் பற்றவைத்து வைத்தார். படம் நடுவில் இருந்தது. வெள்ளையம்மாவால் தேங்காயைத் தூக்கி உடைக்க முடியவில்லை.

"குடுங்க அத்த, நான் ஒடைக்கிறேன்," என்று மனோகரன் வாங்கினார். படத்துக்கு முன்னால் நின்று, அந்த முகத்தை வெறித்துப் பார்த்து, ஒரே போடு போட்டார். தேங்காய் சிதறியது. கூட்டம் "முனியாண்டி!" என்று அலறியது.

சித்தி மகள் லோஷினி போனைத் தூக்கி நேரலை போட்டுக்கொண்டிருந்தாள். சாந்தினி அதைப் பார்த்தாள். பேர் போடவில்லை, கேஸ் என்று போடவில்லை, 'பாலோ முனியாண்டி பூசை' என்று மட்டும்தான் போட்டிருந்தாள். சாமி காரியத்தை எடுக்காதே என்று எந்த வாயால் சொல்வது? தலையைத் திருப்பிக்கொண்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான் என்று அப்போது அவளுக்கு யார் சொல்வார்கள்!

செவ்வாய்க்கிழமை அணிவகுப்பில் ஒன்பது பேர் நின்றார்கள். மனோகரன் இரண்டாவது பார்வைகூடப் பார்க்காமல் நேராகப் போய் வசந்தனின் தோளைத் தொட்டார். அன்று வெள்ளையம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் விசாரணை. மனோகரன் கூண்டில் நின்று கணீரென்று சாட்சி சொன்னார். வசந்தனின் வக்கீல் தேவானந்தன் எழுந்தார். அதட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. திரையில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். செம்பனை, சுருட்டுப் புகை, மிளகாய் அப்பிய முகம், அதற்கு முன்னால் தேங்காயோடு மனோகரன். லோஷினி அதை எப்போதோ அழித்துவிட்டாள். அழித்தால் போய்விடுமா? பன்னிரண்டாயிரம் பேர் பார்த்ததை எவனோ ஒருவன் எடுத்து வைத்திருந்தான். அதன் கீழே 'கொலகாரன் இவன்தான்' என்று ஊரே எழுதியிருந்ததையும் வக்கீல் வாசித்தார்.

கேள்வி மலாயில் வந்தது. மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"அணிவகுப்புக்கு முன்னாடி இந்தப் படத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன் ஐயா. கோயில்ல."

"எவ்வளவு நேரம்?"

"பூச முடியற வரைக்கும்."

"அப்ப அணிவகுப்புல நீங்க தொட்டது, மழையில பாத்த ஆளயா, படத்துல பாத்த ஆளயா?"

"ரெண்டும் ஒரே ஆளுதான் லா!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீலின் மேசையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் பிரேமலா கண்ணை மூடிக்கொண்டதைச் சாந்தினி பார்த்தாள்.

அடுத்த மாதம் நீதிபதி சொன்னார்: சாட்சி பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அவர் அடையாளம் காட்டியதை நம்ப முடியாது. வேறு ஆதாரமும் கிடையாது. எதிர்த்தரப்பு சாட்சி கூப்பிடத் தேவையே இல்லாமல் வசந்தன் விடுதலை. அவன் அம்மா அங்கேயே தரையில் விழுந்து அழுதாள், சந்தோஷத்தில்.

சாந்தினி கார் நிறுத்துமிடத்துக்கு வந்து நின்றாள். போன் அடித்தது. பாலோவிலிருந்து அம்மா.

"எத்தன வருசம் போட்டாங்கடி?"

"விட்டுட்டாங்கம்மா."

"விட்டுட்டாங்களா? யாரு விட்டா? எதுக்கு விட்டா?"

பூசை போடச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அந்தக் கிழவி இன்று ராத்திரி தாண்டமாட்டாள் என்பதும் தெரியும்.

"என்னாலதாம்மா. நான் ஃபேஸ்புக்ல அவன் படத்தப் போட்டேன். போலீசு வேணாம்னு சொல்லியும் கேக்காம போட்டேன். அதனாலதான்."

மறுமுனையில் வெள்ளையம்மா பெருங்குரலெடுத்தாள்.

"அடிப் பாவி! கட்டையில போறவளே! கூடப் பொறந்தவனுக்கு நீயே கொள்ளி வச்சியேடி! உன் கை அழுகிப் போக!"

"ஆமாம்மா," என்றாள் சாந்தினி.