எண்பது சாண் மண்

இடிந்த மலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வருடம் என்று காலம் ஓடத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு. அரை மணி வெயில், அரை மணி மழை, அரை மணி இலையுதிர்வு, அரை மணி பனி. அடிவாரத்து வேலிக்கு இந்தப் பக்கம் ஊருக்கு வழக்கமான நாள்தான். முதல் வாரம் வேலியோரம் கூட்டம் அலைமோதியது. இரண்டாம் வாரம் அவரவர் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

காரணம் குப்பிக்காரிதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆற்றுப்பாலத்தில் தினமும் ஒரு குப்பித் தண்ணீர் மொண்டு, வண்டலை வடிகட்டி, உலர்த்தி, எடைபோட்டுப் படிவத்தில் எழுதி அனுப்புவது அவள் உத்தியோகம். அவள் கணவர் ரோடு ரோலர் ஓட்டினார். மலைப்பாதை போடும்போது சரிவு இறங்கி, ரோலரோடு அவரை மூடிவிட்டது. அன்று காலை ஒழுகும் கூரையை வைத்து இருவருக்கும் சண்டை. வாசலில் நின்று “போயிட்டு வரேன்” என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரை மறுபடி பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும், வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்ஜினியர் வந்து பார்த்துக் கையை விரித்தார். “அறுபது அடி மண்ணும்மா. தோண்டினா மிச்ச மலையும் இறங்கிடும். மழையே கரைச்சாதான் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சாண் கரையும்.” அவள் படிவத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். எண்பது சாண், எண்பதாயிரம் வருடம். “சரிங்க சார், காத்திருக்கேன்” என்றாள். அது திங்கட்கிழமை.

அதன்பிறகு மலை தேய்ந்தது. வெயிலில் விரிந்த பாறை ஒரு மணி நேரத்தில் பனியில் சுருங்கி வெடிக்கும் சத்தத்துக்கு ஊர் பழகிப்போனது. மலையின் விலாவில் அடுக்கடுக்காகச் சிப்பிகள் தெரிந்தன. அங்கே முன்பு கடல் இருந்ததென்று இன்ஜினியர் சொன்னார், ஒரு மாதம் மீன்வாடையும் அடித்தது. மூன்று கிராம் வந்த குப்பியில் முந்நூறு கிராம் வண்டல் வந்தது. தசமப் புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்திருப்பதாக அலுவலகம் மூன்று முறை படிவத்தைத் திருப்பி அனுப்பியது. நாலாவது முறை அவளே புள்ளியை நகர்த்தி மூன்று என்று எழுதினாள். ஆகவே அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்த மலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒருநாள் காலையில் வேலி தாண்டிய சினை ஆடு, மாலையில் பதினோரு ஆடுகளாக இறங்கி வந்தது. குட்டிகளும் அவற்றின் குட்டிகளும் இருந்தன. தாயாடு மட்டும் இல்லை, அது கிழடாகிச் செத்திருந்தது. ஆட்டுக்காரனுக்கு வாயெல்லாம் பல். குப்பிக்காரியும் சேர்ந்து சிரித்தாள். தினமும் மில்லிகிராம் சுத்தமாக எடைபோட்டவளுக்கு அந்தத் தாயாட்டைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

பதினேழாம் வருடம் நாத்தனார்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அண்ணி, மலைக்கு வயசானா உள்ள இருக்கற அண்ணனுக்கும் ஆகுமில்ல?” குப்பிக்காரியின் கையிலிருந்த குப்பி விழுந்து உடைந்தது. வேலியோரம் ஓடி, “போதும், நில்லு” என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். கெஞ்சினாள், மண்ணை வாரித் தூற்றினாள். மலையில் அப்போது மழைக்காலம் முடிந்து இலை உதிர்ந்துகொண்டிருந்தது. பாவம், அவள் அழுத அழுகையை இன்றுவரை ஊர் மறக்கவில்லை.

பதினெட்டு வருடம் முடிந்து மூன்றாம் மாதம் எண்பதாவது சாணும் கரைந்தது. அன்றே மலையின் காலம் ஊரின் காலத்தோடு ஒட்டிக்கொண்டது. வேலியைத் தாண்டிப் போனார்கள். ரோலர் இருந்த இடத்தில் பாறைக்குள் துருநிறத்தில் ஒரு பட்டை ஓடியது. அதன் பக்கத்தில், சேறு இறுகிக் கல்லான ஒரு பலகையில், விரித்த உள்ளங்கை ஒன்று பதிந்திருந்தது. முன்பொருமுறை ரோலரின் கியர் நசுக்கிய அவர் சுண்டுவிரல் வளைந்தபடியே இருந்தது. வேறெதுவும் இல்லை. குப்பிக்காரி உட்கார்ந்து அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்தாள். கல் சூடாக இருந்தது.

“வந்துட்டீங்களா?” என்றாள். “கூரைய அப்பவே மாத்திட்டேன். ஒழுகறதில்ல.”

நாலு பேர் சேர்ந்து கல்லை வீட்டுக்குத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். அதன் சூடு தணியவில்லை. பனிக்காலத்தில் நாத்தனார்கூட அதன் அருகில்தான் பாய் விரித்தாள். கல் வந்த மறுநாள் காலை குப்பியில் மூன்று கிராம் வண்டல் இருந்தது. குப்பிக்காரி புள்ளியை நகர்த்தாமல் அப்படியே எழுதி அனுப்பினாள்.