கையெழுத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை

நான் சாப்பிடக் கிளம்பும்போது சூப்பர்வைசர் போனும் காதுமாக எங்கள் மருந்துக் கிடங்கின் குளிர் அறைக்குள் போனார். திரும்பி வந்தால் கதவு பப்பரப்பா என்று திறந்து கிடக்கிறது. உள்ளே இருந்த மருந்து அத்தனையும் பாழ்.

மறுநாள் மாலை மேனேஜர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். "காலைல கையெழுத்துப் போட்டுக் கொடுங்கம்மா. இன்அட்வர்ட்டென்ட்லின்னு இருக்கு பாருங்க, அந்த ஒரு வார்த்தைதான் உங்க வேலையக் காப்பாத்தும்."

பதினோரு வருஷ வேலை. வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும். பஸ்ஸில் அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். 'நான் செய்யவில்லை' என்பதற்கு ஆபீஸ் பாஷை போலிருக்கிறது என்று நினைத்தேன். முட்டாள்!

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாத்தனார் ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். எனக்கும் அவளுக்கும் மூன்று மாதமாகப் பேச்சில்லை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"தெரியாம, வேணும்னு இல்லாமன்னு அர்த்தம் அண்ணி" என்றாள்.

"ஒரு உதாரணம் சொல்லேன்."

முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். "என் மூக்குக்கண்ணாடிய மிதிச்சு ஒடைச்சீங்களே, அது இன்அட்வர்ட்டென்ட்லி."

"அப்பாடா! நான் வேணும்னு செய்யலன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டியே!"

"ஆனா மிதிச்சது நீங்கதானே அண்ணி."

பையிலிருந்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். "அப்போ இந்தத் தாள்ல?"

"கதவத் திறந்து போட்டது நீங்கன்னு எழுதியிருக்கு. எப்படின்னுதான் அந்த வார்த்தை சொல்லுது. யாருங்கிறத முன்னாடியே எழுதியாச்சு." அவள் குரல் தணிந்திருந்தது. "போடாதீங்க அண்ணி."

"போடலன்னா வேலை போயிடும்டி."

அவள் தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். வாசல் வரை கூட வந்தாள்.

காலையில் மேனேஜர் பேனாவை நீட்டினார். பக்கத்திலேயே சூப்பர்வைசர். நான் பேனாவை வாங்கவில்லை.

"என் பேரை எடுத்துட்டு சூப்பர்வைசர் சார் பேரைப் போடுங்க. கையெழுத்தும் அவரே போடட்டும்" என்றேன்.

சூப்பர்வைசர் எகிறினார். "நான் என்ன, வேணும்னேவா திறந்து போட்டேன்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அதுக்குத்தானே சார் அந்த வார்த்தை!"

மேனேஜர் இருவர் முகத்தையும் பார்க்காமல் தாளை மடித்து டிராயருக்குள் வைத்தார். "அடையாள அட்டையக் குடுத்துட்டுப் போங்கம்மா. சொல்லி அனுப்பறோம்."

அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வெளியே வந்து கதவை ஓங்கி அறைந்து சாத்தினேன். அதை நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன்.