வண்டிக்குக் கொடுத்த வெளிச்சம்

பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அன்றும் அந்தத் தொழிற்சாலையின் கழிவுநீர்க் குழாய் வாயில் குப்புறப் படுத்துக்கொண்டு தம்பியைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே இருந்தான். அவனுக்கும் எனக்கும் நடுவில் குழாய் உடைந்து மண் சரிந்து கிடந்தது. மேலே ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம்.

எங்கள் பிழைப்பே இதுதான். கேமரா பொருத்திய ரிமோட் வண்டியைக் குழாய்க்குள் அனுப்பி, எங்கே விரிசல் என்று பார்த்துச் சொல்வோம். வண்டியைக் கட்டுவது அவன், ஓட்டுவது நான். காலையில் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. எடுத்துவருகிறேன் என்று தவழ்ந்து போனான். திரும்பி வரும்போது கண்ணெதிரே மண் இறங்கிவிட்டது. வண்டியின் கேமராவும் விளக்கும் நொறுங்கிப்போயின.

தீயணைப்புக்காரர்கள் மேலிருந்து தோண்டினார்கள். "தோண்டத் தோண்டச் சரியுதும்மா, நேரமாகும். முதல்ல உள்ளே காத்து போகணும்," என்றார் அவர்களில் பெரியவர். கம்ப்ரஸரின் காற்று ஹோஸைத் தள்ளிப் பார்த்தோம், மண்ணில் முட்டி மடங்கியது. உள்ளிருந்து அவன்தான் இழுக்க வேண்டும். அதற்கு அவனிடமிருந்து ஒரு கயிறு வெளியே வர வேண்டும். அவனிடம் கயிற்றுக்கண்டு இருந்தது. கல்லில் கட்டி எறிந்து பார்த்தான், எட்டவில்லை. வண்டியில் கட்டினான்.

"அக்கா, ஓட்டு."

மோட்டார் உறுமியது. ரிமோட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், சத்தம் செத்தது. கொஞ்ச நேரத்தில் உயிர் வந்தது. திருப்பினேன், மறுபடி செத்தது.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"பெரிய சர்வோ ரெண்டு மாட்டினேன்ல... ரெண்டுக்கும் கரண்டை ஸ்பீட் கன்ட்ரோலர்ல இருந்தே எடுத்துட்டேன். தனி பேட்டரி வச்சா கனம் கூடும்னு..."

சக்கரங்களைத் திருப்பும் மோட்டார்தான் சர்வோ. ஸ்பீட் கன்ட்ரோலர் வண்டியை ஓட்டும் பெட்டி. ரிமோட் சொல்வதை வாங்கும் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் அதிலிருந்து கொஞ்சம் கரண்டு கிடைக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சர்வோவும் கல்லில் முட்டித் திணறினால் எல்லாவற்றையும் குடித்துவிடும். ரிசீவர் பட்டினியில் மயங்கி, காலையில் நின்றதுபோல வண்டி நின்றுவிடும். மேஜைமேல் சோதித்தபோது சக்கரங்கள் காற்றில் ஜோராகத் திரும்பியிருக்கும். அதை நம்பிவிட்டான்.

அவனுக்கு மூச்சு இரைத்தது. "என் டார்ச்சுல நாலு செல் இருக்கு. அதைச் சர்வோவுக்குக் குடுத்துடறேன்."

முப்பது வயதிலும் விளக்கை எரியவிட்டுத் தூங்குகிறவன் அவன்.

"கன்ட்ரோலர் ப்ளக்ல சிவப்பு வயரை உருவிட்டு மாட்டுடா. ரெண்டு கரண்டும் மோதினா எல்லாம் புகைஞ்சிடும்."

"எனக்குத் தெரியாதா?"

"எல்லாம் தெரிஞ்ச மகாராசா, அங்கே ஏன்டா கிடக்கறே!"

வயரை உருவி, முனைகளைச் சீவி வைத்துக்கொண்டான் போலிருக்கிறது. இடைவெளியில் தெரிந்த மங்கல் வெளிச்சம் பட்டென்று அணைந்தது. அதற்குப் பிறகு வெறும் உரசல் சத்தம். ஒருமுறை விசும்பினான்.

"மாட்டிட்டேன். சீக்கிரம்க்கா."

காதை வைத்தே ஓட்டினேன். சுவரில் உரசும் சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கம் திருப்பினேன். சர்வோ முனகியதே தவிர ரிசீவர் சாகவில்லை. மண்மேட்டில் ஏறி, உருண்டு, வண்டி என் முகத்துக்கு நேரே வந்து விழுந்தது. கயிற்றில் ஹோஸைக் கட்டிச் சுண்டினேன். ஹோஸ் உள்ளே போனது, நின்றது, மறுபடி போனது.

பிறகு பொதபொதவென்று மண் இறங்கியது. இடைவெளி மூடிக்கொண்டது. ஹோஸ் மட்டும் மண்ணுக்குள் நீண்டிருந்தது.

கத்தினேன். ஹோஸ் முனையைக் காதில் வைத்தேன். மூச்சு கேட்டது.

"அக்கா... முனை கைல இருக்கு. ஒண்ணுமே தெரியலை. பேசிட்டே இரு."

"இருக்கேன்டா, இங்கேயேதான் இருக்கேன்."

பக்கத்தில் கம்ப்ரஸர்காரர் இணைப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். "மாட்டட்டுமாம்மா? மாட்டினா பேச்சு கேக்காது."

ஹோஸை வாயில் வைத்தேன். "டேய், இப்போ காத்து வரும். உஸ்ஸுன்னு சத்தம் வரும். அது நான்தான்னு நெனச்சுக்கோ."

"வேண்டாம்க்கா. நீ பேசு. காத்து அப்புறம் வரட்டும்."

அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஹோஸை அவரிடம் கொடுத்துவிட்டேன்.