இரண்டிலும் வெள்ளரளி

கிருபாசங்கருக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. கோயம்புத்தூர்க் கல்லூரிப் பட்டறையில் போட்டி தொடங்கி இரண்டாம் நாள். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். வெறுமனே ஓடிக் கருகக் கூடாது. அதற்கொரு கருவியை இருவர் இருவராகச் சேர்ந்து யோசித்து, செய்து, இன்று மாலைக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். ஜெயிக்கும் இருவருக்கும் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. தோற்றால் அவன் காங்கேயத்தில் மாமனுடைய எண்ணெய் மில்லுக்குத்தான் போக வேண்டும். அப்பா சொல்லிவிட்டார்.

அவனுக்குக் கூட்டு ஹாரிகா. முதல் நாளே இருவருக்கும் ஒத்துவரவில்லை. கிணற்றுக்குள் இரண்டு கம்பி விடலாம், தண்ணீர் கம்பியை விட்டு இறங்கியதும் மோட்டார் நிற்கட்டும் என்றான் அவன். கிணற்றுப் பக்கமே போக வேண்டாம், தண்ணீரில்லாமல் சுற்றும் மோட்டார் கரண்டைக் குறைவாகத்தான் இழுக்கும், அதை வைத்தே நிறுத்தலாம் என்றாள் அவள்.

"உங்க யோசனையும் நல்லாத்தானுங்க இருக்குது" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் இறங்கி வரவில்லை. மரியாதையும் சில சமயம் பூட்டுப் போலத்தான். கடைசியில், ஊரில் சம்பந்தம் பேசும்போது செய்வதைப் போல, சாமியிடம் பூக் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கல்லூரிப் பிள்ளையார் முன்னால் இரண்டு பொட்டலம். வெள்ளரளி வந்தால் அவன் யோசனை, செவ்வரளி வந்தால் அவள் யோசனை. ஹாரிகா இலையில் மடித்துக் கட்டி வைத்தாள். அவன் கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். வெள்ளை.

இன்று மத்தியானம் பிள்ளையாரைக் கும்பிடப் போனவன், படியோரம் வாடிக் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பார்த்தான். சும்மாதான் பிரித்தான். அதிலும் வெள்ளரளி.

தன் யோசனை தோற்பதற்காக யாராவது திருட்டுத்தனம் செய்வார்களா? குழம்பிக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினால், ஹாரிகா எதிர்மேசை முஸ்தபாவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இருவரும் சோமனூர் பஸ்ஸில் வருகிறவர்கள். முஸ்தபாவின் கருவியிலிருந்து, கிணற்றுக்குப் பதிலாக வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குக் கம்பி எதுவும் போகவில்லை. அவள் சொன்ன அதே வழி.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகப் பட்டது. உருப்படாததை நம் தலையில் கட்டிவிட்டு, நல்லதை அங்கே கொடுத்துவிட்டாள். முஸ்தபா ஜெயித்தால் அவளுக்கு என்ன லாபம் என்று கேட்கத் தோன்றவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் அதற்குக் கணக்குத் தெரியாது.

மேசை மேல் ரிலே இருந்தது. மோட்டாருக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கிற சின்னப் பெட்டி. மேசைக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். இதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாளோ? எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஏனுங்க, ரிலே எங்கீங்க?" என்று வந்தாள் ஹாரிகா.

"தெரியலீங்களே."

மேசைக்கு அடியில் தேடினாள். ஆணி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு நேராக எதிர்மேசைக்குப் போய் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். முஸ்தபா தன் பெட்டியைத் திறந்து எதையோ அவள் கையில் வைத்தான். கிருபாசங்கருக்குக் காது சுட்டது.

திரும்பி வந்தவள் கையை விரித்தாள். ஒரு ரிலே.

"முஸ்தபா அவங்க மாமன் கடையிலிருந்து ஒண்ணு சேத்திக் கொண்டாந்திருந்தாருங்க. நம்முளுது காணோம்னேன். ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக் குடுத்துட்டாரு."

சட்டைப் பை கல்லைப்போல் கனத்தது. அதை மறைக்க வேறொன்றைக் கேட்டான்.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே இருந்துச்சுங்களே?"

"பாத்துப்போட்டீங்களா?" ரிலேயைக் கம்பியோடு பற்றவைக்க ஆரம்பித்திருந்தவள் கையை நிறுத்தவில்லை. "சிவப்பு வந்திருந்தா நீங்க அரை மனசோடத்தான் வேலை செய்வீங்க. அரை மனசுல செஞ்ச ஜாமான் ஓடாதுங்க. யாரு யோசனையா இருந்தா என்ன, ஓடோணுமில்ல."

"சாமிகிட்டயே பொய்யிங்களா?"

"சாமிகிட்ட மொதல்லயே சொல்லிப்போட்டுத்தான் கட்டினேன். பிள்ளையார் ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்ப முஸ்தபா உங்க வழியில செய்யறாரே?"

"எனக்குத் தோணுனது அவருக்குத் தோணாதுங்களா? அதைப் பாத்துத்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அப்போது எதிர்மேசையிலிருந்து கருகல் வாடை வந்தது. முஸ்தபாவின் ரிலே புகைந்துவிட்டது. அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். அதில் வேறு இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பான் என்று கிருபாசங்கர் பார்த்துக்கொண்டே இருந்தான். முஸ்தபா இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மற்ற மேசைகளில் எதுவும் ஓடுகிற நிலையில் இல்லை; சும்மா இருந்தால் போதும். எண்ணெய் மில் இல்லை. கம்பெனி வேலை.

எழுந்து போய்ச் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து முஸ்தபாவின் முன்னால் வைத்தான்.

"காணோம்னு சொன்னதுங்களா இது?" என்றாள் பின்னாலேயே வந்த ஹாரிகா.

"காணாமப் போகலீங்க. நாந்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன். உங்க மேல சந்தேகம்."

முஸ்தபா ரிலேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பையில வெச்சா மோட்டாரு நிக்காது மாப்ள. ஆளுதான் நின்னுபோவான்," என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்தான்.

மாலையில் இரண்டு மோட்டார்களும் சொன்னபடி நின்றன. பரிசு முஸ்தபாவின் மேசைக்குப் போயிற்று; கிணற்றுக்குள் கம்பி விடுகிற தொல்லை அந்தக் கருவியில் இல்லை. கிருபாசங்கர் காங்கேயம் பஸ்ஸுக்குக் கிளம்பினான். வாசல்வரை ஹாரிகா கூடவே வந்தாள்.

"என்னாலதானுங்க உங்களுக்கும் போச்சு."

"போச்சுங்க," என்றாள் அவள், மறுக்காமல். சற்று நடந்த பிறகு சொன்னாள்: "அடுத்த போட்டிக்குப் பொட்டலத்தை நீங்க கட்டுங்க."

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்புங்க."

"எப்படி வேணாக் கட்டுங்க. நான் பிரிச்சுப் பாக்க மாட்டேன்."