வேண்டாம் என்றவை வைக்கப்படும் முற்றம்

இரண்டாம் நாள் காலையில் எங்கள் விடுதியின் முற்றம் நானூறு அடி அகலமாக இருந்தது. முதல் நாள் அது பதினான்கு எட்டில் கடக்கும் அகலம். வெளிச்சுவர்கள் நகரவில்லை. சுவரை ஒட்டிய சந்தில் ஒரு கழுதை மட்டுமே செல்ல இயலும். அன்றும் ஒரு கழுதை சென்றது.

ஃபெஸ் நகரின் பழைய பகுதியில் இத்தகைய வீட்டை ரியாத் என்பர். தெருவை நோக்கிச் சன்னல் இல்லை. எல்லாச் சன்னல்களும் முற்றத்தையே நோக்குகின்றன. ஆகவே முற்றம் விரிந்ததைத் தெருவில் எவரும் அறிந்திலர்.

என் மனைவி கமலவேணியின் அறை முற்றத்தின் எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் தன் அறை வாயிலில் நின்றாள். பச்சைச் சேலையால் அவளை அடையாளம் கண்டேன். உயரத்தில் அவள் என் கட்டைவிரலுக்குச் சமம்.

"வேணி, தூங்கினாயா?" என்று கூவினேன்.

 நான் பல் துலக்கி முடித்தபின் விடை வந்தது.

"எங்கீங்க தூங்கறது?"

என் அறைக்கதவின் உட்புறத்தில் விடுதியின் விதி ஒட்டப்பட்டிருந்தது. இரண்டாம் நாள் நண்பகலில் விருந்தினர் ஒருவரையொருவர் நோக்கி நிற்கவேண்டும். எதிரில் நிற்பவர் யார் என்று பிழையின்றிச் சொல்லவேண்டும். சொல்ல இயலாதோர் தனித்தனியே வந்தவராகப் பதியப்படுவர். தனித்தனியே வந்தவர் தனித்தனி வாயிலால் வெளியேறுவர். அவ்விரு வாயில்களும் ஒரே நகரத்தில் திறப்பதில்லை.

விதியில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வேணியின் மூக்குக்கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. அது இல்லாமல் நான்கு அடிக்கு அப்பால் என்னையும் தூணையும் அவளால் வேறுபடுத்த முடியாது. மணி எட்டு ஆகியிருந்தது.

நான் நடக்கத் தொடங்கினேன்.

இருபது அடி சென்றதும் இத்ரீஸ் எதிர்ப்பட்டார். அவர் விடுதியின் பணியாளர். வெண்ணிற அங்கியும் மஞ்சள் தோல் செருப்பும் அணிந்தவர். அவர் பேசியது எங்கள் கோபிச்செட்டிபாளையத்துத் தமிழ். முதல் நாளே காரணம் கேட்டிருந்தேன். காலை உணவில் அதுவும் சேர்த்தி என்றார்.

"டீ குடிக்கறீங்ளா?" என்றார். கையில் தாம்பாளம் இருந்தது.

"வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்றேன்.

நான் குடித்திருக்கவில்லை. எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை வற்புறுத்தும்போது, அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக வாங்கிக்கொள்வோம். அதற்குள் ஆறியிருக்கும்.

இத்ரீஸ் மூன்றாம் முறை கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கேட்கவில்லை. "சரிங்க" என்று சொல்லி, தாம்பாளத்தைத் தரையில் வைத்தார். எனக்கும் வேணிக்கும் நடுவே ஒரு வரிசைத் தரை ஓடுகள் புதிதாகச் சேர்ந்தன. நீலமும் பச்சையுமான சிறு ஓடுகள். மிகவும் நேர்த்தியாகப் பொருந்தின.

"இது என்னங்க?" என்றேன்.

"நீங்க வேண்டாம்னு சொன்னதை எங்கியாச்சு வைக்கோணுமல்லங்க. எடம் வேணுமுங்க."

அப்போதுதான் முற்றத்தைக் கூர்ந்து நோக்கினேன். நீரூற்று வரையிலும் தாம்பாளங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் என் பெயரில் ஒரு சீட்டு. 'சென்னியப்பன். முதல் நாள். மாலை நான்கு. புதினாத் தேநீர். வேண்டாம்.' 'சென்னியப்பன். நான்கு பத்து. பேரீச்சம்பழம். வேண்டாம்.' 'சென்னியப்பன். நான்கே கால். முதுகுக்குத் திண்டு. பரவாயில்லை.' கை கழுவ ஆரஞ்சுப்பூ நீர் இருந்தது. கால் வைக்கச் சிறு முக்காலி இருந்தது. எதுவும் ஆறவில்லை. தேநீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

ஒரே மாலையில் நான் இத்தனை மறுத்திருப்பேன் என்று நம்ப முடியவில்லை. கையெழுத்து தெளிவாக இருந்தது.

அச்சமயம் ஓர் ஆமை வந்தது. அதன் முதுகில் ரப்பர் வளையத்தால் கடிதம் கட்டப்பட்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதற்கு அதற்கு நான்கு நிமிடம்தான் ஆயிற்று என்றார் இத்ரீஸ்.

"ஆமைக்கு மட்டும் எப்படி?" என்றேன்.

"அதுக்கு முற்றம் பழைய அளவுதானுங்க. இன்னைவரைக்கும் ஒண்ணையும் அது வேண்டாம்னு சொன்னதில்லீங்க." இத்ரீஸ் ஒரு கீரைத்தண்டை நீட்டினார். ஆமை அதைத் தின்றது.

கடிதம் வேணியின் கையெழுத்தில் இருந்தது. பேசுவதைப் போலவே எழுதுபவள் அவள்.

'ஏனுங்க, இங்கயும் டீ கொண்டாந்தாங்க. நீங்க குடிச்சீங்களோ இல்லையோன்னு நானும் வேண்டாம்னுட்டேன். பழம் குடுத்தாங்க, அதையும் வேண்டாம்னுட்டேன். பசிக்குதுங்க. என்னோட கண்ணாடி உங்ககிட்ட இருக்குதா? காலைல ஒரு தூணைப் பார்த்து ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன். நீங்க பேசற அளவுக்குத்தான் அதும் பேசுச்சு.'

நான் அக்கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"இப்பக் குடிச்சா இந்த ஓடுகளை எடுத்துருவீங்ளா?" என்றேன்.

"உங்களுது நீங்க குடிக்கலாம். அவங்களுது அவங்கதான் குடிக்கோணும்."

மூக்குக்கண்ணாடியை ஆமையின் முதுகில் கட்டினேன். கடிதத்தை எடுத்து, பின்புறத்தில் எழுதி அதனோடு சேர்த்தேன்: 'வேணி, எல்லாவற்றையும் குடி. எனக்காகக் காத்திராதே.' முப்பத்தேழு ஆண்டுகளில் நான் அவளுக்கு எழுதிய மிகச் சிறந்த கடிதம் அதுவே என இப்போதும் கருதுகிறேன்.

பிறகு நான் அமர்ந்து குடித்தேன். ஒரு குவளை முடிந்ததும் ஒரு வரிசை ஓடு தரையினுள் மறைந்தது. பதினொரு குவளை குடித்தேன். பேரீச்சம்பழம் நாற்பது தின்றேன். பத்து நிமிடம் திண்டில் சாய்ந்தேன். சாயாவிட்டால் அது எண்ணிக்கையில் சேராது என்றார் இத்ரீஸ். கையில் ஆரஞ்சுப்பூ நீரை ஊற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அது மிகவும் இதமாக இருந்தது.

எதிர்ப்பக்கத்திலும் ஓடுகள் மறைந்துகொண்டிருந்தன. வேணி குடிக்கிறாள் என்று அறிந்தேன். அவள் என் முழங்கை உயரம் ஆனாள். பிறகு ஒரு சிறுமியின் உயரம்.

பதினொன்றே முக்கால் மணிக்குத் தாம்பாளங்கள் தீர்ந்தன. முற்றம் இன்னும் நூறு அடி இருந்தது.

"இன்னும் என்னங்க பாக்கி?" என்றேன்.

அதற்கு விடை சொன்னவர் லல்லா ஸுஹூர். அவர் விடுதியின் உரிமையாளர். மாடியில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"மொத மொத வாசல்ல கேட்டேனல்லங்க? ஒரே ரூம் போதுமுங்ளான்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

நான் வேண்டாம் என்றிருந்தேன். எனக்குக் குறட்டை வரும். அவளுக்குச் சிரமம் கூடாது என்பது என் எண்ணம். வேணி அப்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கதவிலிருந்த வேலைப்பாட்டைப் பார்க்கத் தொடங்கினாள்.

"அதையும் வெச்சிருக்கீங்ளா?"

"பெருசுங்க. அதான் மரத்துக்குப் பின்னால வெச்சிருக்கோம்."

நீரூற்றின் அருகே ஆரஞ்சு மரம் இருந்தது. அதன் பின்னால் ஓர் அறை இருந்தது. தேவதாரு மரக்கதவு, செதுக்கிய சுண்ணச்சாந்து வளைவு, ஒரு சன்னல். கதவில் சீட்டு. 'சென்னியப்பன். முதல் நாள். மூன்றே முக்கால். ஒரே அறை. வேண்டாம்.'

மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. கதவைத் தள்ளினேன். இறுக்கமாக இருந்தது. தோளால் தள்ளி உள்ளே சென்றேன். ஒரு கட்டில், இரண்டு தலையணை, எதிர்ச்சுவரில் மற்றொரு கதவு. லல்லா ஸுஹூர் சொன்னது எதிர்ப்பக்கமும் கேட்டிருக்கவேண்டும்; அக்கதவு திறந்தது. வேணி உள்ளே வந்தாள். மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாள். முழு உயரத்தில் இருந்தாள்.

"டீ குடிச்சுக் குடிச்சு வயிறு ஊதிப்போச்சுங்க" என்றாள்.

சன்னலுக்கு வெளியே இத்ரீஸ் பதிவேட்டுடன் நின்றார்.

"எதுத்தாப்ல நிக்கறது யாருங்கம்மா?"

வேணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் இத்தனை நேரம் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"தூண் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரருதான்" என்றாள்.

"உங்களுக்குங்க ஐயா?"

"என் மனைவி கமலவேணி" என்றேன்.  அதையும் இத்ரீஸ் எழுதிக்கொண்டார்.

"ஒண்ணா வந்தவங்க" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார்.

நான் கட்டிலில் அமர்ந்தேன். 

"எனக்குக் குறட்டை வருமே, வேணி."

"முப்பத்தேழு வருசமாக் கேக்கறேன். நேத்து அது இல்லாம ரூமே வெறிச்சுன்னு இருந்துச்சுங்க. கண்ணை மூடவே முடியல."

"நேற்றே சொல்லியிருக்கலாமே."

"நீங்க வேண்டாம்னுட்டீங்களே. பொறவு நான் என்ன சொல்லட்டும்?"

வெளியே ஓடுகள் மறையும் ஓசை கேட்டது. ஒரே அறையை ஏற்றுக்கொண்டதால் முற்றம் சுருங்கிக்கொண்டிருந்தது. பதினான்கு எட்டுக்கு வந்தது. நிற்கவில்லை. ஏழு ஆயிற்று. மூன்று ஆயிற்று. நீரூற்றின் நீர் சன்னல்கட்டையில் தெறித்தது. ஆமை கதவின் அடிவழியே உள்ளே வந்து கட்டிலின்கீழ் சென்றது.

இத்ரீஸ் சன்னலில் தலையை நுழைத்தார். அவருடைய தோளுக்கு வெளியே இடமில்லை.

"தொந்தரவுக்கு மன்னிக்கோணும். மரத்துக்கு நிக்க எடமில்லீங்க. உள்ள வரலாமுங்ளா?"

நான் வேணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"வரச் சொல்லுங்க" என்றோம், இருவரும் ஒருங்கே.

ஆரஞ்சு மரம் தலை குனிந்து உள்ளே வந்தது. நாங்கள் கட்டிலில் சற்று நகர்ந்து அமர்ந்தோம். ஒரு கிளை வேணியின் தோளில் தங்கியது. அவள் அதிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, உரித்து, பாதியை என்னிடம் நீட்டினாள்.

உடனே வாங்கிக்கொண்டேன்.